ஸ்பிதி பள்ளத்தாக்கு: கோடையில் செல்வதா, பனிக்காலத்தில் செல்வதா? பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல்-ஸ்பிதி மாவட்டத்தில், திபெத் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது ஸ்பிதி பள்ளத்தாக்கு. சுற்றுலாப் பயணிகள் கோடையில் மட்டுமே இங்கு வந்து சென்ற காலம் மாறிவிட்டது. பனிச்சிறுத்தையைக் காணும் ஆவலில் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலும் பலர் வருகின்றனர். ஆனால், ஜூலையில் சென்று வந்தவரின் பயணக் குறிப்பை நம்பி ஜனவரியில் புறப்படுவது ஆபத்தானது. பருவம் மாறும்போது இங்கு பாதையும் மாறுகிறது, குடிநீர் கிடைக்கும் விதமும் மாறுகிறது.

இரண்டு வழிகள், ஒரு தவறான எண்ணம்

ஸ்பிதியின் தலைமையிடமான காசாவுக்குச் செல்ல இரண்டு சாலைகள் உள்ளன. ஒன்று, மணாலியிலிருந்து கிராம்பூ வழியாகச் சென்று, சுமார் 4,550 மீட்டர் உயரத்தில் உள்ள குன்சும் கணவாயைக் கடப்பது. தூரம் சுமார் 200 கிலோமீட்டர். மற்றொன்று, சிம்லாவிலிருந்து கின்னௌர் மாவட்டத்தின் ரெக்காங் பியோ, நாக்கோ, தாபோ வழியாகச் செல்வது. இது 400 கிலோமீட்டருக்கும் அதிகம்.

மணாலிக்கு வடக்கே 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு, ஸ்பிதிக்கு ஆண்டு முழுவதும் மணாலி வழியாகவே சென்றுவிடலாம் என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. இது தவறு. அந்தச் சுரங்கம் ரோத்தாங் கணவாயின் தடையை நீக்கி, லாஹௌல் பகுதிக்கே வழி திறந்தது. அதற்கு அப்பால் உள்ள குன்சும் கணவாய், முன்பு போலவே பல மாதங்கள் பனியால் மூடிக்கிடக்கிறது. பொதுவாக ஜூன் முதல் அக்டோபர் வரைதான் அவ்வழி திறந்திருக்கும். பனிக்காலத்தில் சிம்லா வழி ஒன்றே மிஞ்சுகிறது. அதுவும் கடும் பனிப்பொழிவின்போது சில நாட்கள் அடைபடுவது வழக்கம்.

கோடையின் ஆபத்து

கோடையில் வரும் பெரும்பாலோருக்கு ஆபத்தாக அமைவது குளிர் அல்ல, அவசரம். சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் உள்ள மணாலியில் காலையில் புறப்பட்டு, குன்சும் கணவாயைக் கடந்து, அன்றிரவே சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் உள்ள காசாவில் உறங்குவோர் ஏராளம். அந்த உயரத்தில் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். ஓய்வில் இருக்கும்போதே மூச்சுத்திணறலோ, நடையில் தள்ளாட்டமோ ஏற்பட்டால் உடனடியாகத் தாழ்வான இடத்துக்கு இறங்குவதே முதன்மையான சிகிச்சை. உடல் வலிமை மிக்க இளைஞர்களும் இதற்கு விலக்கல்ல.

மூவாயிரம் மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தில் ஏற்கப்பட்ட விதி. சிம்லா வழி இதற்கு ஏறக்குறைய இயல்பாகவே பொருந்துகிறது. கல்பாவிலும் தாபோவிலும் ஓரிரு இரவுகள் தங்கினால், காசாவை அடையும்போது உடல் பழகியிருக்கும். சிம்லா வழியாகச் சென்று, குன்சும் வழியாகத் திரும்புவதே கோடையில் சிறந்த ஏற்பாடு.

மழைமறைவுப் பகுதியான ஸ்பிதியில் பருவமழை குறைவு என்பது உண்மை. ஆனால், அங்கு செல்லும் சாலைகள் மழை கொட்டும் மலைகளைக் கடந்தே செல்கின்றன. கின்னௌர் மாவட்டம் நிகுல்சாரியில் 2021 ஆகஸ்டில் நேரிட்ட நிலச்சரிவில் 28 பேர் உயிரிழந்தனர். 2023 ஜூலையில் திடீர்ப் பனிப்பொழிவால் சந்திரதால் ஏரிப் பகுதியில் 200-க்கும் மேற்பட்டோர் சிக்கி, பல நாட்களுக்குப் பின் மீட்கப்பட்டனர். கிராம்பூ-லோசர் சாலையில் குறுக்கிடும் ஓடைகளில், வெயில் ஏற ஏறப் பனி உருகி நீர் பெருகும். எனவே, அவற்றைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டாலும், முதன்முறை வருவோருக்குக் கோடையே ஏற்ற பருவம். கி.பி. 996-இல் நிறுவப்பட்ட தாபோ மடாலயம், குன்றின் மீது அடுக்கடுக்காக எழும் கீ மடாலயம், சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் இயங்கும் ஹிக்கிம் அஞ்சலகம் என அனைத்தையும் சாலை வழியாகவே சென்று காணலாம். பனியாற்று நீரை வாய்க்கால்களில் திருப்பி, ஆண்டுக்கு ஒரே போகமாகப் பச்சைப் பட்டாணியும் பார்லியும் விளைவிக்கும் வயல்கள், பழுப்பு மலைகளுக்கு நடுவே பச்சைத் திட்டுகளாகத் தெரியும்.

பனிக்காலத்தில் தண்ணீர்

பனிக்காலத்தில் இரவு வெப்பநிலை மைனஸ் 25 டிகிரி செல்சியஸ் அளவுக்கும் இறங்கும். குழாய்களில் நீர் உறைந்து, குழாயே வெடிக்கும். எனவே, வீடுகளில் குழாய் இணைப்பு பயன்பாட்டில் இராது. அடிகுழாயிலிருந்தோ ஊற்றிலிருந்தோ குடத்தில் சுமந்து வரும் நீரே சமையலுக்கும் குடிப்பதற்கும். விருந்தினர் குளிக்கக் கேட்கும் ஒரு வாளி வெந்நீர், அந்த வீட்டுப் பெண் பனியில் நடந்து சுமந்து வந்த நீர் என்பதை மறந்துவிடலாகாது. அதைச் சுடவைக்கும் விறகும் எளிதில் கிடைப்பதன்று. மரங்கள் மிக அரிதான பள்ளத்தாக்கு என்பதால், விறகு வெளியிலிருந்து லாரிகளில் வர வேண்டும். அதனுடன் காய்ந்த சாணமும் எரிபொருளாகிறது. புகாரி எனப்படும் தகர அடுப்பு எரியும் ஒரே அறையில்தான் குடும்பம் முழுவதும் பகல் பொழுதைக் கழிக்கும். விருந்தினரும் அங்கேதான் அமர வேண்டும்.

கழிப்பறையும் நீரற்றதே. மேல் அறையின் தரையில் உள்ள துளைக்குக் கீழே ஓர் அறை இருக்கும். பயன்படுத்திய பின் மண்ணையும் சாம்பலையும் தள்ளிவிட வேண்டும். பனி உருகிய பின் அந்தக் கீழறை திறக்கப்பட்டு, மட்கிய எரு வயலுக்குச் செல்கிறது. கோடையில் பச்சையாகத் தெரியும் பட்டாணி வயல்களுக்கு உரம் இதுதான். பல விடுதிகள், பயணிகளின் வற்புறுத்தலால் நீர் ஊற்றும் கழிப்பறைகளைக் கட்டியுள்ளன. வறண்ட பகுதியில் இது இருமுனை இழப்பு: நீரும் போகிறது, எருவும் போகிறது.

ஆயினும் பனிக்காலப் பயணம் கிராமங்களுக்கு வருவாய் தருகிறது. ஐபெக்ஸ், நீல ஆடு ஆகியவற்றைப் பின்தொடர்ந்து, சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் உள்ள கிப்பர் கிராமத்தின் அருகே வரை பனிச்சிறுத்தைகள் இறங்கி வரும். இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருப்பதாக 2024-இல் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பு கூறுகிறது. ஒரு காலத்தில் கால்நடைகளைக் கொல்லும் எதிரியாகக் கருதப்பட்ட விலங்கைத் தேடிக் கண்டறிந்து காட்டுவது, இன்று கிப்பர் இளைஞர்களின் பனிக்காலத் தொழில். வேலையே இல்லாத மாதங்களில் கிடைக்கும் கூலி என்பதால், அதன் மதிப்பு கோடை வருவாயைவிடக் கூடுதல்.

பனிக்காலத்தில் செல்ல விரும்புவோர், அச்சாலையில் பழகிய உள்ளூர் ஓட்டுநரை அமர்த்திக்கொள்வது நல்லது. டீசல் உறைந்து வண்டி நின்றால் என்ன செய்வது என்பது அவர்களுக்குத் தெரியும். சாலை அடைபட்டால் காத்திருக்க, திரும்பும் விமான அல்லது ரயில் பயணத்துக்கு முன்பாகக் குறைந்தது மூன்று நாட்களை ஒதுக்கிவைக்க வேண்டும். ரெக்காங் பியோ-காசா வழியில் இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை. வெளிநாட்டவர் அதை முன்கூட்டியே பெற வேண்டும்.