பத்தியம் தவறினாரா? உடம்பே சாட்சி சொல்லும்!

கோதுமை ரொட்டி கோடிக்கணக்கான மக்களின் உணவு. ஆனால், அந்த ரொட்டியே சிலருக்குப் பகை!

அவர்கள் கோதுமையைத் தின்றால் குடல் புண்படும். சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டாது. குழந்தையாக இருந்தால் வளர்ச்சியே தடைப்பட்டு விடும்.

இந்த வியாதிக்கு 'சீலியாக்' என்று பெயர். உலகில் ஏறத்தாழ நூறு பேருக்கு ஒருவரிடம் இது இருக்கிறது.

இதைத் தீர்க்க மாத்திரை இல்லை. ஊசி இல்லை. ஆயுள் முழுவதும் பத்தியம் ஒன்றே மருந்து!

பத்தியம் இருப்பது கஷ்டம். அந்தப் பத்தியம் சரியாக நடக்கிறதா என்று கண்டுபிடிப்பது அதைவிடக் கஷ்டம். இதற்காக டாக்டர்கள் 70 ஆண்டுகளுக்கு மேலாகப் பல வழிகளைத் தேடி வந்திருக்கிறார்கள்.

பரோட்டாவில் இருக்கும் பசை

பரோட்டா போடுகிறவர் மாவை வீசுகிறார். மாவு துணிபோல விரிகிறது. ஆனால் அறுந்து விழுவதில்லை. காரணம் என்ன?

கோதுமையில் 'குளுட்டன்' என்ற பசைச் சத்து இருக்கிறது. அதுதான் மாவைப் பிடித்து வைக்கிறது. மைதா, ரவை எல்லாம் கோதுமையின் பிள்ளைகள்தான். அவற்றிலும் குளுட்டன் உண்டு. பார்லியிலும், ஐரோப்பாவில் விளையும் 'ரை' என்ற தானியத்திலும் இதே போன்ற சத்து இருக்கிறது.

மனிதனின் சிறுகுடல் உள்ளே வழவழப்பாக இருப்பதில்லை. தேங்காய்ப்பூத் துண்டில் நூல்கள் நிற்பது போல, நுண்ணிய விரல்கள் நெருக்கமாக நிற்கும். உணவிலிருந்து சத்தை உறிஞ்சுவது அந்த விரல்களின் வேலை.

சீலியாக் உள்ளவர் குளுட்டனைத் தின்றால், உடம்பைக் காக்க வேண்டிய காவல் படையே குடலைத் தாக்குகிறது. விரல்கள் தேய்ந்து மொட்டையாகின்றன. பிறகு பாலும் பழமும் தின்றாலும் சத்து சரியாகச் சேராது. வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, எலும்பு பலவீனம், களைப்பு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேரும்.

பஞ்சத்தில் தெரிந்த உண்மை

இந்தப் பகை கோதுமைதான் என்று காட்டியவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை டாக்டர் வில்லெம் டிக்கே. ஹேக் நகரில் ஜூலியானா குழந்தைகள் ஆஸ்பத்திரியின் தலைவராக இருந்தவர்.

உலகப் போருக்கு முன்பே அவருக்குக் கோதுமை மீது சந்தேகம் எழுந்தது. 1941-ல் அதைப் பற்றி எழுதினார்.

பிறகு 1944-45 குளிர்காலம் வந்தது. ஜெர்மன் படை ஹாலந்தைப் பிடித்து வைத்திருந்த நேரம். மேற்கு ஹாலந்தில் கொடிய பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. ஜனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள்.

ஊரே மெலிந்தது. ஆனால், சீலியாக் குழந்தைகளின் நோய் மட்டும் தணிந்தது! ரொட்டி திரும்பி வந்தது. நோயும் திரும்பி வந்தது!

டிக்கே இதை வெறும் கதையாக விட்டுவிடவில்லை. குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் அளந்து குறித்தார். கோதுமையை நிறுத்தினால் வளர்ச்சிக் கோடு ஏறியது. மறுபடியும் கொடுத்தால் சரிந்தது.

அவருடைய நண்பர் வான் டெ காமர் ஒரு ரசாயன அறிஞர். மலத்தில் எவ்வளவு கொழுப்பு வீணாகப் போகிறது என்று அளக்கும் முறையை 1949-ல் அவர் வெளியிட்டார். கோதுமை தின்ற குழந்தையின் மலத்தில் கொழுப்பு அதிகமாக இருந்தது. கோதுமையை நிறுத்தியதும் அது குறைந்தது.

1950-ல் டிக்கே இவற்றையெல்லாம் ஆராய்ச்சி நூலாக எழுதி உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பத்தியம் பிறந்தது. அதைக் கண்காணிக்கும் அளவுகோலும் கூடவே பிறந்தது!

வலி இல்லை, ஆனால் நோய் உண்டு!

நோயாளியைக் கேட்டால் போதாதா? "தவறினேன்", "தவறவில்லை" என்று அவரே சொல்ல மாட்டாரா?

இங்கேதான் சிக்கல். பள்ளிக்கூடத்துச் சிறுவன் ஒருவன் நண்பனின் பிறந்த நாளில் கேக் தின்றுவிட்டு, அம்மா திட்டுவாளே என்று மறைக்கலாம். அது ஒரு வகை. தெரியாமலே தின்பது இன்னொரு வகை.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. சிலருக்குக் குளுட்டன் வயிற்றுக்குள் போனாலும் வலி வராது. வயிற்றுப்போக்கும் வராது. "எனக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று நினைப்பார்கள். உள்ளே குடல் தேய்ந்து கொண்டிருக்கும்!

எவ்வளவு தின்றால் கேடு? 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதைச் சொன்னது. தினம் 50 மில்லி கிராம் குளுட்டன் வீதம் 3 மாதம் கொடுத்ததில் குடல் கெட்டது. ஒரு துண்டு கோதுமை ரொட்டியில் சுமார் 2,000 மில்லி கிராம் குளுட்டன் இருக்கும். அதாவது, அந்தத் துண்டை நாற்பது பங்காக்கினால் ஒரு பங்கு. கையில் ஒட்டும் பொடி அளவுதான்!

சாட்சிகள் பல

உடம்பின் சாட்சியைக் கேட்கப் பல சோதனைகள் உள்ளன.

முதல் சாட்சி குடல். 1957-ல் அமெரிக்க ராணுவ டாக்டர் வில்லியம் கிராஸ்பி ஒரு சின்ன உலோகக் குப்பியைச் செய்தார். மெல்லிய குழாயில் கட்டிய அந்தக் குப்பியை நோயாளி விழுங்குவார். அது குடலில் ஒரு துளி சதையை வெட்டி எடுத்து வரும். இப்போது விளக்கு வைத்த வளையும் குழாயை உள்ளே விட்டு அந்தச் சதையை எடுக்கிறார்கள். விரல்கள் மறுபடி முளைத்தனவா என்று நேரில் தெரியும். பெரியவர்களுக்கு முழுதும் ஆற ஆண்டுக் கணக்கில் ஆகலாம்.

இரண்டாவது சாட்சி ரத்தம். காவல் படை எதைக் குறிவைத்துத் தாக்குகிறது என்பதை 1997-ல் ஜெர்மன் அறிஞர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த எதிர்ப்புப் பொருளை ரத்தத்தில் அளக்கலாம். பத்தியம் சரியாக இருந்தால் மாதா மாதம் குறைந்து வரும். ஆனால் இந்தச் சாட்சி கொஞ்சம் மெத்தனம். எப்போதாவது தின்ற சிறு அளவை இது கண்டுகொள்ளாது.

மூன்றாவது சாட்சி சிறுநீரும் மலமும். குளுட்டன் முழுவதும் ஜீரணமாவதில்லை. அதன் சில துணுக்குகள் வெளியே வந்துவிடும். ஸ்பெயின் நாட்டு செவில் நகர ஆராய்ச்சியாளர்கள் அந்தத் துணுக்கை மலத்தில் பிடிக்கும் வழியை 2012-லும், சிறுநீரில் பிடிக்கும் வழியை 2017-லும் வெளியிட்டார்கள். நேற்றுத் தின்றது இன்று தெரிந்துவிடும்! ஆனால் போன மாதம் தின்றது தெரியாது.

நான்காவது சாட்சி பேச்சு. உணவு நிபுணர் உட்கார்ந்து விவரமாக விசாரிப்பது. 2009-ல் அமெரிக்க டாக்டர்கள் இதற்காக 7 கேள்விகளை வகுத்தார்கள்.

எந்தச் சாட்சியும் தனியாகப் போதாது. ஆகவே எல்லாவற்றையும் சேர்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்கிறார்கள். வியாதி தெரிந்ததும் 6 மாதத்தில் ஒரு சோதனை, ஓர் ஆண்டில் ஒரு சோதனை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை என்பது பொதுவான வழக்கம்.

அஞ்சறைப் பெட்டியிலும் ஒளிந்திருக்கும்!

கோதுமை தின்னும் வட இந்தியாவில் இந்த வியாதி அதிகம். தென்னிந்தியாவில் குறைவு. அரிசி, கம்பு, கேழ்வரகு, சோளம், தினை, சாமை ஆகியவற்றில் இந்தக் குளுட்டன் இல்லை. ஆகவே தமிழ்நாட்டுச் சாப்பாடு இந்த நோயாளிக்கு ஒரு வரம்!

ஆனால் எச்சரிக்கை தேவை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பாரில் ஒரு சிட்டிகை போட்டாலும் கோதுமைதான். ரவா தோசை, சேமியா பாயசம், மால்ட் சேர்த்த பானம், பல சாஸ் வகைகள் ஆகியவற்றிலும் அது ஒளிந்திருக்கும். சப்பாத்தி போட்ட கல்லிலேயே அரிசித் தோசை வார்த்தாலும் மாவு ஒட்டும்.

'குளுட்டன் இல்லாதது' என்று டப்பாவில் போட, ஒரு கிலோவில் 20 மில்லி கிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக்கூடாது என்பது சர்வதேச விதி. டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். சந்தேகம் வந்தவுடன் தானாகவே கோதுமையை நிறுத்தக்கூடாது. நிறுத்திவிட்டால் சோதனையில் நோய் தெரியாமல் போய்விடும். முதலில் சோதனை, பிறகுதான் பத்தியம்!

திட்டுவதற்கு அல்ல

சோதனையில் குளுட்டன் தெரிந்தால், வீட்டார் நோயாளியின் மீது பாய்வது தவறு. அடுத்த முறை அவர் இன்னும் நன்றாக மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்.

கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் தின்றாய்?" என்பது அல்ல. "எங்கிருந்து வந்தது?" என்பதுதான். அஞ்சறைப் பெட்டியிலிருந்தா? ஓட்டல் கல்லிலிருந்தா? நண்பன் கொடுத்த கேக்கிலிருந்தா?

இடம் தெரிந்தால் அதை அடைக்கலாம். அடைத்தால் குடல் ஆறும். குழந்தை மறுபடி வளரும்!