வீட்டிலிருந்தே பொம்மை பிசினஸ்: 70 ரூபாய் லாபமும் மூணு டாக்ஸ் கேள்விகளும்

குழந்தைக்கு வாங்கிய மர பஸில் நல்லா இருக்கு. அப்பார்ட்மென்ட்டில் நாலு பேர் எங்கே வாங்கினீங்கன்னு கேட்டாங்க. உடனே மனசுல ஒரு கணக்கு ஓடும்: "நாமே மொத்தமா வாங்கி வித்தா என்ன? சம்பளத்தோட மாசம் ஒரு பத்தாயிரம் வருமே!"

நல்ல யோசனைதான். ஆனா இன்ஸ்டா பக்கம் திறப்பதற்கு முன்னாடி சில விஷயங்களைப் பாத்துடுங்க.

ஒரு பீஸில் என்ன மிஞ்சும்?

உதாரணத்துக்கு, மொத்த விலையில் 300 ரூபாய்க்கு வாங்கி, டெலிவரி சேர்த்து 550-க்கு விற்கிறீங்கன்னு வெச்சுக்கலாம். லாபம் 250 இல்லை. சரக்கு வீடு வந்து சேர 15, பேக்கிங் 20, கூரியர் 60, விளம்பரம் 60, உடைஞ்சது, திரும்பி வந்ததுக்காக 25. மொத்தச் செலவு 480. மிச்சம் 70.

மாசம் 40 பீஸ் போனால் 2,800 ரூபாய். மெசேஜுக்குப் பதில், பேக்கிங், கூரியர் ஆபீஸ் என்று ஒரு பீஸுக்கு 20 நிமிஷம் போனால் மாசம் 13 மணி நேரத்துக்கு மேல். மணிக்கு சுமார் 210 ரூபாய். இது தூங்கும்போது வரும் வருமானம் இல்லை, உங்க உழைப்புக்கான கூலி.

"200 பீஸ் எடுத்தா விலை குறையும்"னு வியாபாரி சொல்வார். 60,000 ரூபாய் கட்டிலுக்கு அடியில் உட்காரும். மாசம் 40 வீதம் விற்றாலும் தீர 5 மாசம். எமர்ஜென்சி ஃபண்டையோ கிரெடிட் கார்டையோ இதுக்குத் தொடவே தொடாதீங்க.

ஐஎஸ்ஐ முத்திரை இல்லாம விற்கவே கூடாது

2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். "கல்வி பொம்மை" என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது. தயாரிப்பவருக்கு மட்டுமில்லை, முத்திரை இல்லாததை விற்பதும், விற்கிறதுக்காக வெச்சிருப்பதும்கூட குற்றம். 2016 பிஐஎஸ் சட்டப்படி முதல் தடவைக்கே அபராதம் குறைந்தது 2 லட்சம்.

முத்திரைக்குக் கீழே இருக்கும் லைசென்ஸ் எண்ணை 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் உண்மையா, போலியா தெரிஞ்சுடும். பதிவு பெற்ற கைவினைஞர்கள், புவிசார் குறியீட்டு அங்கீகாரம் பெற்றவர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. சென்னபட்டணா மர பொம்மை எடுக்கிறீங்கன்னா, செய்தவரின் பதிவுச் சான்று நகலை வாங்கி ஃபைலில் வைங்க. சட்டத்தைவிடப் பெரிய காரணம், அதை வாயில் வைக்கப் போவது ஒரு குழந்தை.

எல்லாரும் கேட்கும் மூணு கேள்விகள்

"40 லட்சம் வரை ஜிஎஸ்டி வேண்டாமே?" தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் சரி. பெங்களூருவில் இருப்பவருக்கு ஒரே ஒரு பஸில் அனுப்பினாலும், பொதுவா முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். பதிவு எடுத்தபிறகு விற்பனை இல்லாத மாசங்களுக்கும் ரிட்டர்ன் போடணும். அதனால் ஆரம்பத்தில் தமிழ்நாட்டோடு நிறுத்திக்கோங்க.

"சின்ன வருமானம்தானே, ஐடிஆர்-ல காட்டணுமா?" காட்டணும். தொழில் வருமானம் வந்துட்டா ஐடிஆர்-1 செல்லாது, 3 அல்லது 4-தான். இன்னொரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. சம்பளம் மட்டும் இருந்தவரை பழைய, புதிய வரி முறைகளை வருஷா வருஷம் மாத்திக்கலாம். தொழில் வருமானம் இருந்தால், பழைய முறைக்குப் போய் ஒருதடவை புதியதற்குத் திரும்பிட்டீங்கன்னா, அந்தத் தொழில் இருக்கும்வரை பழையதுக்குப் போக முடியாது. வீட்டு வாடகை, ஹோம் லோன் கழிவை நம்பியிருப்பவர்கள் முதலில் இதைக் கணக்குப் போடுங்க.

"மனைவி பேரில் ஆரம்பிச்சா?" அவங்க சொந்தப் பணத்தில் நடத்தினால் அது அவங்க வருமானம். நீங்க சும்மா கொடுத்த பணம் முதலீடா இருந்தால், அந்த விகிதத்துக்கு லாபம் உங்க வருமானத்தோட சேர்க்கப்படும். நியாயமான வட்டியோட கடனா, எழுத்துல, பேங்க் வழியா கொடுத்தால் இந்தச் சிக்கல் வராது.

உங்க பேரில்தான் என்றால் ஆஃபர் லெட்டரை எடுத்து, வேறு தொழில் செய்யலாமான்னு படிச்சுடுங்க. தேவைன்னா ஹெச்ஆரிடம் எழுத்துல அனுமதி வாங்குங்க.

அப்போ எப்படி ஆரம்பிக்கலாம்?

அஞ்சு வகை, ஒவ்வொண்ணும் பத்து பீஸ், 15,000 ரூபாய்க்குள். விளம்பரம் வேண்டாம். உங்க அப்பார்ட்மென்ட், பக்கத்துத் தெரு, பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப் போதும். அதே 550-க்கு நேரில் கொடுத்தால் கூரியரும் விளம்பரமும் மிச்சம், 70 ரூபாய் லாபம் 190 ஆகும். தனி பேங்க் அக்கவுன்ட் வெச்சு, ஒவ்வொரு வாங்கலுக்கும் பில் கேளுங்க.

மூணு மாசத்தில் 50 பீஸும் போய், வாங்கினவங்க மறுபடியும் கேட்டால் அடுத்த 15,000 போடுங்க. போகலைன்னா மிச்சத்தை வாங்கின விலைக்கே கொடுத்துட்டு, அந்தப் பணத்தை உங்க எஸ்ஐபி-யில் சேர்த்துடுங்க. அதுவும் நல்ல முடிவுதான்.