சோலையும் கிணறும்

பாடசாலை வளவிலே சோலையொன்று அமைக்க விரும்புவோர் முதலில் எதனைப் பார்த்தல் வேண்டும்? பூங்கன்றுகளையா? அன்று, கிணற்றையே பார்த்தல் வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. பெரும்பாலும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மழையே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே 1 அடி தாழ்ந்தால், கீழே உவர்நீர் 40 அடி மேலெழ இடமுண்டு. நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குக் கண்கண்ட சான்றாகும்.

எமது பாடசாலை முன்றலிலே புற்றரை அமைத்துத்தரப் பழைய மாணவர் சிலர் முன்வந்தனர். அவர்தம் அன்பை மறுக்க மனம் வரவில்லை. ஆயினும் கணக்குப் பார்த்தோம். கோடையிலே புற்றரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லிமீற்றர் நீர் வேண்டும். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் நீர் என்பது ஒரு லீற்றர். ஆகவே 1,000 சதுர மீற்றர் புல்லுக்கு நாள்தோறும் 5,000 லீற்றர் இறைத்தல் வேண்டும். பிள்ளைகள் 500 பேர் தலைக்கு 2 லீற்றர் அருந்தினும் 1,000 லீற்றரே ஆகும். இரண்டுக்கும் கிணறு ஒன்றுதான்!

ஆதலின் தாவரங்களை அவற்றின் தாகத்துக்கேற்ப வகுத்தோம். நீர் மிக வேண்டும் வாழையைக் கிணற்றடியிலே, கைகால் கழுவும் நீர் சென்று பாயுமிடத்தில் வைத்தோம். பூஞ்செடிகளுக்கு வாயிலருகே சிறு பாத்திகள் இரண்டு போதுமாயின. எஞ்சிய நிலத்தில் வேம்பும் பூவரசும் நட்டோம். இவை இளங்கன்றாய் இருக்கும்வரை நீர் வேண்டும். வேரோடியபின் கோடையைத் தாமே தாங்கும்.

நீரூற்றும் முறையும் முக்கியமானது. நண்பகலில் இலைமேல் தெளிக்கும் நீரிற் பெரும்பங்கு வெயிலுக்கே இரையாகும். காலையிலோ மாலையிலோ வேரடியில், ஆழ ஊறும்படி, நாளிடைவிட்டு ஊற்றுக. பாத்தியைச் சருகினால் மூடுக. 200 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,000 லீற்றர் கிடைக்கும். அதனை வீதிக்கு ஓடவிடாது மரங்களினடியிற் குழி வெட்டி இறக்குக. குழி மலசலகூடத்தை அடுத்திருத்தல் ஆகாது.

இப்பொழுது திங்கட்கிழமைதோறும் மேல்வகுப்பு மாணவர் முடிச்சிட்ட கயிற்றினால் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து கொப்பியிற் பதிகின்றனர். மட்டம் தாழுமாயின் முதலிற் குறைவது பூம்பாத்திக்கு இறைக்கும் நீரே. பிள்ளைகளின் குடிநீர் அன்று.