தால் எரிமலையின் வாயு: கணக்கைக் கேட்பது மக்களின் உரிமை

2021 ஜூன் 28 அன்று மணிலாவின் வானம் மங்கிக் கிடந்தது. தெற்கே இருக்கும் தால் எரிமலையின் புகையா இது என்று மக்கள் கேட்டார்கள். இல்லை என்றது பிலிப்பைன்ஸின் எரிமலை ஆய்வு நிறுவனமான பிவோல்க்ஸ். கந்தக டை ஆக்சைடு தலைநகர் வரை பரவியிருந்ததைச் செயற்கைக்கோள் தரவு காட்டியதும், ஓரிரு நாளில் அதே நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஜூலை 1-ல் தால் வெடித்தது. தவறை ஒப்புக்கொண்டது நல்ல மரபு. ஆனால் மூச்சு முட்டியவர்கள் கேட்ட கேள்வி முதல் நாளே மதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

எரிமலை வாயருகே போய் அளப்பது உயிரைப் பணயம் வைப்பது. 1993-ல் கொலம்பியாவின் கலேராஸ் எரிமலையில் ஒன்பது பேர் இறந்தார்கள். ஆறு பேர் விஞ்ஞானிகள். தொலைவிலிருந்து அளக்கும் கருவிக்கு அந்த ஆபத்து இல்லை. சூரியனின் புற ஊதா ஒளியைக் கந்தக டை ஆக்சைடு உறிஞ்சும். கருவி வானத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை துழாவி, ஒளி எங்கே எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும். அதைக் காற்றின் வேகத்தோடு சேர்த்துக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு எத்தனை டன் வாயு வெளியேறுகிறது என்பது தெரியும். காற்றின் வேகத்தைத் தவறாக எடுத்தால் டன் கணக்கும் பிசகும். இரவில் இந்த அளவீடு நடக்காது.

அளவு குறைந்தால் ஆபத்து நீங்கியது என்று யாராவது சொன்னால் நம்பிவிடக் கூடாது. பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலையில் 1991 மே நடுவில் வெளியேறிய வாயு நாளுக்குச் சுமார் 500 டன். மாதக் கடைசியில் 5,000-க்கு மேல். ஜூன் தொடக்கத்தில் 300-க்கும் கீழே சரிந்தது. வாயு வெளியேறும் வழி அடைபட்டு, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருந்தது. ஜூன் 15-ல் பெருவெடிப்பு. ஆகவே வாயுக் கணக்கோடு நிலநடுக்கக் கணக்கையும், தரை உப்பியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

கேட்கச் சட்டம் இடம் தருகிறது. பொதுநலம் சார்ந்த தகவலைப் பெறும் உரிமை பிலிப்பைன்ஸ் அரசியலமைப்பிலேயே உண்டு. 2010-ஆம் ஆண்டின் பேரிடர் சட்டப்படி உள்ளாட்சிகள் தங்கள் வழக்கமான வருவாயில் குறைந்தது 5 சதவீதத்தைப் பேரிடர் நிதிக்கு ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் எங்கே போனது என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

வாயு படரும் நாளில் கதவு, ஜன்னலை மூடுங்கள். குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்களை வெளியே விடாதீர்கள். என்-95 முகக்கவசம் நுண்துகளைத் தடுக்கும். கந்தக டை ஆக்சைடு வாயுவைத் தடுக்காது. கவசம் போட்டும் தொண்டை எரிந்தால், அந்த இடத்தைவிட்டு வெளியேறுவதே வழி. அதற்கு வண்டியும் தங்க இடமும் உள்ளாட்சியிடம் கேளுங்கள்.