காயம் பட்டும் பணியில் நீடித்த வீரருக்கு வரியா?

புது தில்லி: எல்லையில் உடல் உறுப்பை இழந்த இரு வீரர்கள். ஒருவரை மருத்துவக் குழு பணிக்குத் தகுதியற்றவர் என்று கூறி வீட்டுக்கு அனுப்புகிறது. மற்றவர் மருத்துவத் தகுதி குறைக்கப்பட்ட நிலையிலும் அலுவலகப் பணியில் தொடர்ந்து, பதவிக்காலம் முடிந்த பின் ஓய்வு பெறுகிறார். இருவருக்கும் ஊன ஓய்வூதியம் உண்டு. ஆனால், வருமான வரி விலக்கு முதலாமவருக்கு மட்டும்தானா என்பதே முன்னாள் படையினரைக் கொந்தளிக்க வைத்துள்ள கேள்வி.

இச்சலுகை நூறாண்டு பழமையானது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1922 மார்ச் 21-ல் வெளியான அறிவிக்கையே இதன் வேர். விடுதலைக்குப் பின்னரும் அது நீடித்தது. ஊன ஓய்வூதியத்தில் இரு பகுதிகள் உள்ளன: பணிக்காலத்துக்கான தொகை ஒன்று, ஊனத்துக்கான தொகை மற்றொன்று. இரண்டுக்குமே விலக்கு உண்டு என மத்திய நேரடி வரிகள் வாரியம் 2001 ஜூலையில் தெளிவுபடுத்தியது.

வீரதீர விருது பெற்றோரின் ஓய்வூதியத்துக்கும், போர் நடவடிக்கையில் உயிர்நீத்த வீரர்களின் குடும்ப ஓய்வூதியத்துக்கும் 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10-வது பிரிவே விலக்கு அளித்தது. ஊன ஓய்வூதியத்துக்கோ அத்தகைய தனிப் பிரிவு இருக்கவில்லை. அறிவிக்கையை நம்பி நின்ற சலுகையைச் சுற்றறிக்கை ஒன்றே சுருக்கிவிட முடிந்தது.

2019 ஜூன் 24-ல் அதுதான் நடந்தது. பணி காரணமாக ஏற்பட்ட அல்லது பணியால் மோசமடைந்த ஊனத்துக்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டோருக்கு மட்டுமே விலக்கு. பதவிக்காலம் முடிந்தோ, வேறு வகையிலோ ஓய்வு பெற்றோருக்கு இல்லை என வாரியம் அறிவித்தது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. முந்தைய நிலையே தொடர வேண்டும் என அதே ஆண்டு ஆகஸ்டில் நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. ஆனால், 2026 பிப்ரவரி 1-ல் தாக்கலான நிதி மசோதா அதே பாகுபாட்டைப் புதிய வருமான வரிச் சட்டத்திலேயே சேர்க்க முன்மொழிந்தது.

அரசுத் தரப்பு வாதத்தை முற்றிலும் புறந்தள்ளிவிட முடியாது. 2015-16 முதல் 2019-20 வரை ஓய்வு பெற்ற அதிகாரிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் ஊன ஓய்வூதியம் பெற்றதைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023-ல் சுட்டிக்காட்டினார். உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் போன்றவை அவற்றில் கணிசம். வரி விலக்கு ஒரு தூண்டுகோலாகிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானதே.

ஆயினும் மருந்து நோய்க்கேற்றதாக இல்லை. தகுதியற்றவருக்கு ஊனச் சான்று கிடைக்கிறது என்றால் திருத்த வேண்டியது மருத்துவக் குழுவின் நடைமுறையை. ஓய்வு பெற்ற விதத்தை அளவுகோலாக்கினால், சர்க்கரை நோயாளியுடன் சேர்ந்து கண்ணிவெடியில் காலிழந்தவரும் வரி வலைக்குள் வருகிறார். பனிமலைக் காவலால் உயர் ரத்த அழுத்தம் வந்தவரின் பாதிப்பும் பொய்யல்ல.

இத்தகைய பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் முன்பே சந்தித்திருக்கிறது. ஊன விகிதத்தை உயர்த்திக் கணக்கிடும் சலுகையை, பதவிக்காலம் முடித்து ஓய்வு பெற்றோருக்கு அரசு மறுத்தது. 2014 டிசம்பர் 10-ல் ராம் அவதார் வழக்கில் அரசின் மேல்முறையீடுகளை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஓய்வூதியத்தைக் கணக்கிடுவதில் செல்லாத வேறுபாடு, அதற்கு வரி விதிப்பதில் மட்டும் எப்படிச் செல்லும்?

காயம் பட்ட வீரர் படையில் நீடிப்பதால் அவரது பயிற்சியும் அனுபவமும் நாட்டுக்குப் பயன்படுகின்றன. வீட்டுக்குச் சென்றவருக்குச் சலுகை, நின்று உழைத்தவருக்கு வரி என்றால், சட்டம் படையினருக்குச் சொல்லும் பாடம் என்ன? நாடாளுமன்றம் விடை கூற வேண்டிய கேள்வி இது.