உங்களுக்குத் தெரியுமா? நீலப் பலகை என்ன சொல்கிறது?

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம்–ரைன் கால்வாயில் பிள்ளைகுட்டிகளோடு சிறு படகில் போகிறவர்கள் முதலில் பழகவேண்டியது ஆட்டத்துக்கு! 1952இல் திறக்கப்பட்ட, சுமார் 72 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த நீர்வழியில் 110 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல்கள் சர்வசாதாரணம். கரையோ பெரும்பாலும் செங்குத்துச் சுவர். கப்பல் கிளப்பும் அலை அதில் மோதித் திரும்பிவந்து மறுபடியும் படகைக் குலுக்கும். மேசைமேல் வைத்த காபி தப்பினால் அதிர்ஷ்டம்.

எதிரே வரும் கப்பலில் நீலப் பலகையும், அதன் நடுவே மின்னும் வெள்ளை விளக்கும் தெரிகிறதா? வழக்கமான இடப்பக்கத்தை விட்டு, இரண்டு கலங்களின் வலப்பக்கமும் எதிரெதிரே வரும்படி கடக்கப்போகிறது என்று அர்த்தம். ரைன் போன்ற ஆறுகளில், நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் கப்பல்கள் வளைவுகளில் வேகம் குறைந்த நீரைத் தேடிப் பக்கம் மாறுவதால் வந்த ஏற்பாடு இது.

நீலக் கூம்பு ஒன்று தலைகீழாகத் தொங்கினால், உள்ளே தீப்பற்றும் சரக்கு. பக்கத்தில் படகைக் கட்ட நினைக்கக்கூட வேண்டாம்.

கலங்களை வேறு நீர்மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளில் சரக்குக் கப்பல்கள் நுழைந்த பிறகுதான் உல்லாசப் படகுகளுக்கு இடம்.

அந்த இரும்பு மலைகளிலும் குடும்பங்கள் வாழ்கின்றன. பின்பக்க ஜன்னலில் திரைச்சீலை, தளத்தில் குழந்தை விளையாடக் கம்பி அடைப்பு, கூரைமேல் சொந்தக் கார். துறை சேர்ந்ததும் கப்பலின் கிரேனே காரைக் கரையில் இறக்கிவிடும்.