இறால் சுருளும் கைச்சுத்தமும்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் முன்னாளில் ஜனங்களின் நினைவுக்கு வந்தவர் ஸ்ரீ ராமானுஜர். 1017-ம் ஆண்டில் அவர் அவதரித்த க்ஷேத்திரம் அல்லவா? இன்று அவ்வூரின் பெயரைக் கேட்டால் பலருக்கு முதலில் தோன்றுவது தொழிற்சாலை. இருங்காட்டுக்கோட்டையில் கொரியா தேசத்து ஹூண்டாய் நிறுவனம் 1998-ல் தன் முதல் மோட்டார் வண்டியை வெளியிட்டது. ஒரகடத்தில் நிஸ்ஸான், ரெனோ கம்பெனிகளின் கூட்டு ஆலை 2010-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சுங்குவார்சத்திரத்துக்கு அருகில் தைவானின் ஃபாக்ஸ்கான் நிறுவனம் கைப்பேசிகளைச் செய்து உலகெங்கும் அனுப்புகிறது. ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த வட்டாரத்தில் கொரியரும் ஜப்பானியரும் தைவான்காரரும் நம்மவரோடு ஒரே கூரையின்கீழ் வேலை செய்கிறார்கள்.

மனிதர் எங்கே சென்றாலும் அவர்களுடைய நாக்கும் கூடவே செல்லும். கீழ்த்திசை நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரு பண்டம், மெல்லிய மாவுத் தகட்டுக்குள் காய்கறியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிய சுருள். சீனர் இதை வசந்த காலத் தொடக்கத்தில் உண்பதால் 'வசந்தச் சுருள்' என்ற பெயர் வந்தது. அதையே ஆங்கிலத்தார் 'ஸ்பிரிங் ரோல்' என்றனர். நம் ஊர் ஹோட்டல்களில் அப்பெயரில் கிடைப்பது எண்ணெயில் பொரித்தது. நாம் இங்கே கூறப்போவது பொரிக்காத வகை. வியட்நாமின் தென்பகுதிக்கு உரியது. அங்கே இதற்குக் 'கோய் குவொன்' என்று பெயர். கொரியர் இதையொட்டிய ஒன்றை உணவு மேஜையில் அவரவர் கையாலேயே சுருட்டி உண்கிறார்கள்.

இச்சுருள் தமிழருக்கு முற்றும் அந்நியமானதன்று. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தபோது, அவ்வூர்த் தமிழர் பலர் அரசாங்க உத்தியோகஸ்தர்களாகவும் போலீஸாராகவும் சிப்பாய்களாகவும் இந்தோசீனாவுக்குச் சென்றனர். நகரத்தார் சைகோனில் வட்டித்தொழில் நடத்தினர். அந்நகரின் மாரியம்மன் கோயில் இன்றும் நிலைத்திருக்கிறது. 1954-ல் பிரெஞ்சு ஆட்சி அங்கே முடிவுற்றபோதும், 1975-ல் யுத்தம் ஓய்ந்தபோதும் புதுச்சேரிக்குத் திரும்பிய குடும்பங்கள் அந்நாட்டுச் சமையலையும் கொண்டுவந்தன. 'நெம்' என்னும் பொரித்த சுருள் புதுச்சேரி வீடுகள் சிலவற்றில் விருந்துப் பண்டமாகவே ஆகிவிட்டது.

சுருளின் மேலாடையான அரிசித் தகடு செய்யும் முறையைக் கேட்டால் நம் பாட்டிமார் வியப்படைய மாட்டார்கள். கொதிக்கும் பானையின் வாயில் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் நீர்த்த அரிசி மாவைப் பரப்பி, ஆவியில் வேகவைத்து எடுத்து, மூங்கில் தட்டியில் வெயிலில் உலர்த்துகிறார்கள். நம் வீட்டு இலை வடாமும் இதே வம்சந்தான்! சுருளின் உள்ளே வைக்கும் அரிசி நூல் நமது சேவை. அவர்கள் சேர்க்கும் மணமுள்ள துளசி இனம், நம் தோட்டத்துத் திருநீற்றுப் பச்சிலையின் ஒரு வகையே.

இப்பண்டத்துக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. நம் சமையலில் பெரும்பாலானவை கடைசியாக நெருப்பைத் தொட்டு இலைக்கு வருகின்றன. வழியில் நேர்ந்த சிறு அசுத்தத்தை அக்கினி பகவான் மன்னித்து விடுகிறார். இச்சுருளோ, சுருட்டிய பிறகு அடுப்பேறுவதில்லை. கடைசியாக அதைத் தொடுவது மனிதருடைய கை. ஆகையால் இதன் ருசியும் க்ஷேமமும் அந்தக் கையின் சுத்தத்தையே பொறுத்திருக்கின்றன.

இது வெறும் ஆசார விஷயம் அன்று. 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம், ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் உணவு கெட்டு, நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். மூடப்பட்ட ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது. பிறகு அரசாங்கத்தின் சிப்காட் நிறுவனம் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய பெண்கள் விடுதியைக் கட்டி, 2024-ல் திறந்தது. ஆயிரம் பேருக்கு ஆக்கும் இடத்தில் எந்தக் கை எதைத் தொட்டது என்று காண்பது கடினம். நால்வருக்கு ஆக்கும் நம் வீட்டிலோ அதை நம் கண்ணாலேயே காணலாம். அந்தப் பாக்கியத்தை வீணாக்கலாகாது.

இனிச் செய்முறைக்கு வருவோம். நால்வருக்குப் பன்னிரண்டு சுருள்கள் போதும். நடுத்தரப் பருமனுள்ள இறால் 18 வேண்டும். தலையும் ஓடும் நீக்காத நிலையில் ஏறக்குறைய அரைக் கிலோ நிற்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கடல் இல்லை. காசிமேடு போன்ற துறைகளிலிருந்து ஐஸ் பெட்டியில்தான் இறால் வரவேண்டும். ஆதலால் வாங்கும்போதே கவனம் தேவை. நல்ல இறாலின் தலை உடலோடு இறுகப் பொருந்தியிருக்கும், ஓடு பளபளக்கும், கடலின் மணம் மட்டுமே வீசும். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால், விலை எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டை உரித்து, முதுகைக் கீறிக் கறுத்த குடல் நூலை எடுத்து விடவேண்டும். உப்பிட்ட நீர் தளதளவென்று கொதிக்கும்போது இறாலைப் போட்டு, இரண்டு மூன்று நிமிஷம் வேகவிடுக. கண்ணாடி போன்ற தோற்றம் முற்றும் மறைந்து, சிவப்பும் வெண்மையுமாக மாறி, பிறை போல் வளைந்தால் வெந்துவிட்டது என்று அறியலாம். காய்ச்சி ஆறிய நீரில் ஒரு முறை அமிழ்த்தி எடுத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து மூடி வைக்கவும். பச்சை இறாலைத் தொட்ட கத்தியையும் பலகையையும் கையையும் சோப்பிட்டுக் கழுவாமல் வேறு எதையும் தொடலாகாது. முழு முறையிலும் இதுவே தலையாய விதி.

அடுத்து, இரண்டு கைப்பிடி சேவை. விரல் நீளத்துக்கு மெல்லியதாக நறுக்கிய வெள்ளரிக்காயும் காரட்டும். புதினா, கொத்துமல்லி, திருநீற்றுப் பச்சிலை. கீரைகளை இலை இலையாகப் பிரித்து, குடிக்கத் தகுந்த நீரில் பலமுறை அலசி, சுத்தமான துணியில் ஈரம் போக ஒற்ற வேண்டும்.

அரிசித் தகடு பெரிய கடைகளில் கிடைக்கும். காய்ச்சி ஆறிய நீரில் சில விநாடி நனைத்து, சற்று விறைப்பாக இருக்கும்போதே தட்டில் பரப்பினால், அரை நிமிஷத்தில் தானே இளகும். நீரில் ஊறவிட்டால் கிழிந்து போகும். கடையில் கிடைக்காதவர்கள் வருந்த வேண்டாம். ஒரு கிண்ணம் அரிசி மாவு, அரைக் கிண்ணம் ஜவ்வரிசி மாவு, மூன்று கிண்ணம் தண்ணீர், சிறிது உப்பு இவற்றைக் கரைத்து, எண்ணெய் தடவிய தட்டில் மெல்லியதாக ஊற்றி, இரண்டு மூன்று நிமிஷம் ஆவியில் வேகவைத்து உரித்து எடுக்கலாம். மாவு அடியில் தங்கும். ஒவ்வொரு முறையும் கலக்கி ஊற்றுக. வடாம் இடும் நாளில், உலர்த்துமுன் அம்மாவிடம் ஒன்று கேட்டு வாங்கித் தின்ற ருசியை மறக்காதவர்களுக்கு இத்தகடு பிடிக்காமற் போகாது.

இப்போது வீட்டாரனைவரும் கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொண்டு உட்காரலாம். விரலில் வெட்டுக்காயமோ புண்ணோ உள்ளவர் சுருட்ட வேண்டாம். புண்ணிலுள்ள ஒருவகைக் கிருமி உணவில் விடும் நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. தகட்டின் கீழ்ப்பாகத்தில் இலைகள், சேவை, காய்கள் ஆகியவற்றை அளவாக வைத்து, ஒரு சுற்றுச் சுருட்டுக. அதற்கு முன்னால் மூன்று இறால் துண்டுகளைச் சிவந்த பக்கம் கீழ்நோக்க வரிசையாக வைத்து, இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, பாய் சுருட்டுவது போல் இறுக்கமாகச் சுருட்டி முடிக்கவும். மெல்லிய தகட்டின் வழியே இறாலின் சிவப்பு தெரியும். சுருள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்கவேண்டும்.

தொட்டுக்கொள்ள வியட்நாமியர் நெத்திலியை உப்பிலிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்த மீன்சாற்றைப் பயன்படுத்துவர். நமக்கு வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, பூண்டு இரண்டு பல், பச்சை மிளகாய் ஒன்று, வெல்லம், உப்பு, எலுமிச்சம்பழச் சாறு இவற்றை அரைத்த துவையலே போதும். சைவ உணவினர் இறாலுக்குப் பதில் பனீரோ சோயாக் கட்டியோ வைக்கலாம். இறால் ஒத்துக்கொள்ளாத உடம்பினர் இதைத் தொடவே கூடாது.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைவாகப் பெருகும். நம் ஊர்ச் சமையலறை பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேதான் இருக்கிறது. சுருட்டிய ஒரு மணி நேரத்துக்குள் உண்டு தீர்க்க வேண்டும். குளிர்ப்பெட்டியில் வைத்து மறுநாள் உண்ணலாமே என்று யாரும் எண்ண வேண்டாம். தகடு விறைத்துப் போய்விடும். பழையதை ஒளித்து வைக்க இடங்கொடாத பண்டம் இது.

ஆலைப் பணியில் கணவர் பகல் முறையும் மனைவி இரவு முறையுமாக மாறிமாறி உழைக்கும் குடும்பங்கள் இப்பகுதியில் உண்டு. வாடகை அறையில் ஓர் அடுப்பு, ஒரு பாத்திரத்துடன் காலந்தள்ளும் தோழியர் கூட்டமும் உண்டு. இச்சுருளுக்கு அவ்வளவே போதும். எண்ணெய்ச் செலவும் இல்லை. ஓய்வு நாளில் ஒருவர் இறாலை வேகவைக்க, ஒருவர் காயை நறுக்க, குழந்தைகள் கீரையை அலசிக் கொடுக்க, அரைமணியில் வேலை முடியும். ஆக்குகிற கையும் உண்கிற வாயும் ஒரே தட்டைச் சுற்றி அமர்ந்திருக்கும்போது, உணவைப் பற்றி ஒருவருக்கும் அச்சம் இராது.